எல்லாருக்கும் ஒன்பது மணி

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

உங்கள் மச்சினி எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். அடுத்தவர் வேலையை மட்டம் தட்டுகிறவர்களுக்குத் தலைவலிகூட வருவதில்லை.

போன மாதம் சாப்பாட்டு மேசையில் அத்தனை பேர் முன்னால், "நீ வெளியே பெயிண்ட் அடிக்கிற, நாங்கதான் உள்ள வீடு கட்றோம்" என்றீர்களே, ஞாபகம் இருக்கிறதா? வெப் டிசைனர் என்றால் அவ்வளவு இளக்காரம். சரி, நீங்கள் வீடு கட்டுகிற லட்சணத்தையும் பார்த்துவிடுவோம் என்று சர்வர் புரோகிராமிங், டேட்டாபேஸ் எல்லாம் நானே உட்கார்ந்து படித்தேன். இதற்கா அத்தான் இத்தனை பந்தா? ஒரு கறுப்புத் திரை, அதில் அழுது வடியும் எழுத்து, ஒரு கமா விட்டுப்போனால் பக்கம் பக்கமாகத் திட்டு. நான் செய்கிற பக்கத்தில் ஒரு வரியை அழிக்கப் போனால்கூட, 'நிச்சயமாக அழிக்கலாமா?' என்று ஒரு பெட்டி வந்து கேட்கும். அது மரியாதை. உங்கள் டேட்டாபேஸ், ஊரையே கொளுத்தச் சொன்னாலும் மறுபேச்சு இல்லாமல் கொளுத்திவிட்டு, 'முடிந்தது' என்னும்.

அதுதான் நடந்தது. எனக்கென்று கிடைத்த முதல் வேலை உங்கள் குடும்பப் பல் டாக்டரின் வெப்சைட். நோயாளிகள் நேரம் குறிக்க அதில் நானே டேட்டாபேஸ் போட்டேன். ஒரு பெரியவர் தன் நேரத்தைத் திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு மாற்றச் சொன்னார். மாற்று என்று கட்டளை கொடுத்தேன். யாருக்கு என்ற வரியை எழுதவில்லை. நான் ஏன் எழுதணும், அதுவே பெட்டி போட்டுக் கேட்கும்னு காத்திருந்தேன். கேட்கலையே. எல்லாருக்கும் அதே நேரம் என்று தானாக மெசேஜ் போய், திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு மொத்த நோயாளிகளும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி வரை நின்றார்கள். மெயில் திறக்கக்கூட ஆள் வைத்திருக்கிற அந்த டாக்டர், வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்யாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வாராம். இது கைவிட்டுப் போனால் பழைய கம்பெனியில் போய் விளம்பரப் படம் வெட்டி ஒட்டணும். நினைச்சாலே அழுகை வருது.

ஆனாலும் உங்கள் உதவி எனக்குத் தேவையில்லை. ஒவ்வொருவருக்கும் போன் போட்டுப் பழைய நேரத்தைக் கேட்டு, பாதி சரிசெய்துவிட்டேன். உங்கள் அம்மாதான் புது பல்செட் பளபளக்க, "என் பிள்ளை கம்ப்யூட்டர்ல புலி" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். அந்த வீட்டில் பிரிண்டர் நின்றால் அக்காதான் தட்டி எழுப்புகிறாள். புலியாம் புலி.

அக்காவுக்கு அன்பு, குட்டிக்கு முத்தம். நீங்கள் நீண்ட நாள் வாழ்ந்து இன்னும் பல மேசைகளில் பேச வாழ்த்தும்,
உங்கள் பெயிண்டர்

பி.கு.: இந்தக் கடிதம் உங்களுக்கு இரண்டாம் தடவை வருகிறது. முதல் தடவை, என் திறமையைக் காட்டலாம் என்று, டாக்டர் வெப்சைட்டில் நோயாளிகளுக்கு மெயில் அனுப்ப நானே எழுதிய பக்கத்திலிருந்து அனுப்பினேன். நீங்களும் அவரிடம் பல் அடைத்தவர்தானே, உங்கள் பெயர் அதில் இருந்தது. யாருக்கு என்ற வரியைத்தான் மறுபடியும் எழுதவில்லை. எல்லா நோயாளிகளுக்கும், கூடவே டாக்டருக்கும் போய்விட்டது. டாக்டர் ஆளை வைத்துத் திறந்து படித்துவிட்டார். வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கப் போவதில்லை என்று பதில் வந்திருக்கிறது. உங்கள் அம்மாவும் படித்துவிட்டார். இப்போது என் வீட்டு மணியை விடாமல் அடிப்பது அவர்தான். வீடு கட்டத் தெரிந்த அத்தானே, நான் கதவைத் திறப்பதற்குள் வந்துவிடுங்கள்.