பலகை வாத்தியார் வார்டு ஆபீஸில் நடத்திய வகுப்பு

தாராவிச் சதுப்பில் மண்ணைக் கொட்டி மேடாக்கித் தோல் பட்டறை எழுப்பினேன். பக்கத்திலேயே வரிசையாக எட்டு வீடு போட்டேன். கோயிலுக்கு மண்டபம் கட்டினேன். படித்தது இரண்டாம் வகுப்பு. இப்படிப்பட்ட என்னையே வாயடைக்க வைத்த ஒரே ஆள் பலகை வாத்தியார்தான். பம்பாய் முழுக்கச் சலித்தாலும் அப்படி ஒரு பிடிவாதக்காரர் அகப்பட மாட்டார்.

அறுபதுகளில் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடம் என்பது கோயில் சுவரில் சாய்த்த ஒரு தகரக் கொட்டகை. இருந்தது ஒரே கரும்பலகை. விட்டுவிட்டுப் போனால் எவனாவது அடுப்பெரிக்க உடைத்துவிடுவான் என்று வாத்தியார் அதைத் தலையில் சுமந்தே வீட்டுக்குப் போவார், வருவார். மழையில் அதுவே குடை. அதில் கோடு கிழித்து மேலே நாலாம் வகுப்பு, கீழே ஒன்றாம் வகுப்பு. வெள்ளம் ஏறினால் முதலில் ஒன்றாம் வகுப்புப் பாடம் அழியும். அவர்களுக்கு மட்டும் அன்று லீவு.

குழாய் கிடையாது, கக்கூஸ் கிடையாது. எட்டு வயதானால் பெண் பிள்ளைகளை வீட்டோடு நிறுத்திவிடுவார்கள். என் மகளையும் நிறுத்தினோம். கோயில் கொடைத் திருவிழாவுக்கு வாணவேடிக்கை வைக்க முந்திக்கொள்ளும் பெரிய மனிதர்கள், பள்ளிக்கூடம் என்றால் வானத்தைப் பார்ப்பார்கள். முனிசிபாலிட்டிக்காரர்களைச் சொல்லவே வேண்டாம். பிள்ளைகளுக்கு ஓட்டா இருக்கிறது? சேற்றில் உட்கார்ந்தால் இவர்களுக்கென்ன?

ஒருநாள், கட்டடம் தேவையா என்று பார்க்கப் பெரிய ஆபீசர் வருவதாகத் தகவல் வந்தது. ஊர் மானம் போகலாமா? கொடைப் பந்தலை முழுசாகப் போட்டேன். டீக்கடை பெஞ்சுகளை அடுக்கினேன். வாசலில் வாழைமரம் கட்டினேன். ஆபீசர் இளநீர் குடித்தார். "அரே, சப் டீக் ஹை!" என்றார், எல்லாம் சரியாக இருக்கிறதாம். கட்டடம் தேவையில்லை என்று எழுதிக்கொண்டு போயே போய்விட்டார்.

வாத்தியார் என் பக்கம் திரும்பினார். "சேத்தக் காட்ட வேண்டிய எடத்துல வாழமரத்தக் காட்டிப்புட்டீரே, அண்ணாச்சி! பள்ளிக்கூடத்துக்கு என்ன கல்யாணமா நடக்கு?"

"இல்ல வாத்தியாரே, ஊரு மானம்..."

"பொம்பளப் பிள்ளைய ஒதுங்க எடமில்லாம நிக்கையில அந்த மானம் எங்க போச்சு?"

நான் வாழைமரத்தை அவிழ்க்கப் போனேன்.

மறுநாள் காலை பலகை முன்னே போக, அறுபது பிள்ளைகள் பின்னே போனார்கள். வீட்டோடு நின்ற பெண் பிள்ளைகளையும் வாசல் வாசலாகக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார். என் மகளும் போனாள். முனிசிபாலிட்டி வார்டு ஆபீஸ் படிக்கட்டில் பலகையைச் சாத்தி வாய்ப்பாடு தொடங்கியது. பிள்ளைகள் ஒவ்வொருவராக உள்ளே போய் அதிகாரிகளின் கக்கூஸ் முன்னால் வரிசை கட்டினார்கள்.

"ஏ மாஸ்டர், யே க்யா தமாஷா?" என்று பியூன் அலறினான்.

"தமாஷா இல்ல பாய். எங்க ஸ்கூல்ல சண்டாஸ் நஹி, இதர் ஹை. ரோஜ் வருவோம்." கக்கூஸைத்தான் வாத்தியார் அவன் பாஷையில் சொன்னார்.

தினமும் வந்தார்கள். நாலாம் நாள், இளநீர் குடித்த அதே ஆபீசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். வாத்தியார் கையை நீட்டி மறித்தார். "லைன், சாப். முன்னால ஒண்ணாம் கிளாஸ் நிக்கு."

அடுத்த வாரமே அளவு நாடாவோடு ஆட்கள் வந்தார்கள். இரண்டு அறை, ஒரு குழாய், இரண்டு கக்கூஸ். என் மகள் மறுபடி பள்ளிக்கூடம் போனாள்.

சுவரில் ஒரு கல்வெட்டும் பதித்தார்கள். அதில் ஆபீசர் பெயர்! திறப்பு விழாவுக்கு வாத்தியாரை ஒருவரும் அழைக்கவில்லை. அவர் கூட்டத்துக்குப் பின்னால் நின்று குழாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

ஊர்க்காரர்களே, அந்தக் கல்லைப் பெயர்த்து எறியுங்கள். பலகை வாத்தியார் பெயரைப் பெரிதாகப் போடுங்கள். அடியில் சின்னதாக என் பெயரும் வர வேண்டும். அந்த நல்ல மனுஷருக்குக் கோபம் வரவைத்தவன் நான்தானே?