நடுவில் ஒரு பெட்டி

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வாழ்க்கையில் எடுத்த பெரிய முடிவுகள் மொத்தம் மூன்று. முதல் இரண்டையும் மனைவி எடுத்துக் கொடுத்தாள். மூன்றாவதுதான் சொந்தம். தன் பழைய பிக்கப் வண்டியின் நீள சீட்டைக் கழற்றிவிட்டு, தனித்தனியாக இரண்டு சீட்டும், நடுவில் கை வைத்துக்கொள்ள ஒரு பெட்டியும் போட்டுவிடுவது.

ஐம்பது வருஷத்து வண்டி. ஸ்டியரிங்குக்குத் தோல் உறை, காலுக்கடியில் விரிப்பு, முன்னால் குட்டி ஃபேன் என்று பார்த்துப் பார்த்துச் செய்திருந்தார். எல்லாம் எதற்கு? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மனைவியோடு ஏரிக்கரை வரை ஒரு சுற்று போய்வரத்தான். ஆறு நாளும் ஊரார் கண்ணையே பார்க்கிற மனுஷனுக்கு, ஒரு நாளாவது பெண்டாட்டி முகத்தைப் பார்க்க ஆசை இருக்காதா?

பார்க்க முடிந்தால்தானே. நடுவில் மச்சான் உட்கார்ந்திருப்பார். மனைவியின் அண்ணன். டிரைவிங் ஸ்கூல் வாத்தியாராக இருந்து ரிட்டயராகி, மாடியில் தனியாகக் குடியிருப்பவர். கியரைக் கவனிக்க நடு இடம்தான் வசதி என்பார். "செகண்ட் போடுங்க மாப்ளே" என்று சொல்லிக்கொண்டே, இல்லாத பிரேக்கை வழியெல்லாம் மிதித்துக்கொண்டு வருவார். மனைவி அந்தக் கோடியில் ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்ப்பாள்.

புது சீட்டைப் பொருத்திய அன்று மனைவி வந்து எட்டிப் பார்த்தாள்.

"எதுக்குங்க இது?"

"இடுப்பு வலிக்கு. ரொம்ப நல்லதாம்."

"யாருக்கு இடுப்பு வலி?"

"உனக்குத்தான்."

"எனக்கு வலிக்கலையே."

"வலிச்சப்புறம் வாங்கி என்ன பிரயோஜனம்?"

அவள் பெட்டியைத் திறந்து மூடிப் பார்த்தாள்.

"அப்ப இனிமே மூணு பேர் உட்கார முடியாது?"

"என்ன பண்றது, சீட்டோட அமைப்பு அப்படி."

முகத்தை எவ்வளவு வருத்தமாக வைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு வருத்தமாக வைத்துக்கொண்டார்.

"சரி" என்றாள். சண்டையில்லாமல் வந்த அந்தச் 'சரி'யை அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷத்தில் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையோடு வண்டிக்கு வந்தார். பக்கத்து சீட்டில் மச்சான் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது.

"தங்கச்சி சொன்னா மாப்ளே. என் இடுப்பு வலிக்காகத்தான் இந்தச் சீட்டாமே. முப்பது வருஷம் கண்டவன் பக்கத்துல உட்கார்ந்து போன இடுப்பு. கூடப்பிறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான்."

அந்த மனுஷனுக்காக யாரும் ஒரு சாமான் வாங்கியே பல வருஷம் ஆகியிருக்கும். 'இது உங்களுக்கில்லை' என்று எந்த வாயால் சொல்வது? கடைக்காரர் ஏறி உட்கார்ந்தார்.

மனைவி அவர் பக்கத்து ஜன்னலோரம் வந்து நின்றாள்.

"நீ ஏறலையா?"

"எங்கே ஏற? நடுவுலதான் பெட்டி இருக்கே."

குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். "என்கூடத் தனியா போகணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அண்ணன்கிட்ட நானே பேசியிருப்பேன். நீங்க இடுப்பு வலின்னுல்ல சொன்னீங்க."

"இப்ப சொல்றேனே."

"இப்ப அண்ணன் ஏறிட்டாரே. மெதுவா போயிட்டு வாங்க. நான் கொஞ்சம் தூங்கறேன்."

வண்டி கிளம்பியது. அவர் ஆசைப்பட்டபடியே, உள்ளே இரண்டே பேர்தான்.