ஐந்தாம் பலகை

நான்கே சுரங்களை வைத்துக்கொண்டு எடப்பாடி முழுவதையும் பகைத்துக்கொண்ட ஒரே மனிதர் மறுக்கா மாஸ்டர்தான். மற்றவர்களுக்கு அதற்கு ஒரு வாய்க்கால் தகராறாவது வேண்டியிருக்கும்.

கல்யாண பேண்டு செட் வைத்திருந்தார். கிளாரினெட் வாசிப்பார். ஒத்திகையில் யார் எதை வாசித்தாலும் "மறுக்கா" என்பார். எங்கள் பக்கத்தில் 'இன்னொரு தடவை' என்று அர்த்தம். அதுவே பெயராகிவிட்டது.

எங்கள் தெருவுக்கு விசைத்தறி வந்தபோது எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். மாஸ்டர் தறிக் கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பக்கத்தில் நின்ற என்னிடம் சொன்னார்:

"நல்லாக் கேளு சாமி. ரெண்டு தறியும் ஒண்ணா ஓடுது. கொஞ்சங் கொஞ்சமா வெலகுது. அப்புறம் மறுக்கா ஒண்ணு சேருது பாரு, அந்த எடத்துல எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருது."

"பன்னெண்டு மணி நேரம் ஓட்டறேன், எனக்குந்தானுங்க வருது" என்றார் அங்கே கூலிக்குத் தறி ஓட்டிய என் அப்பா.

மல்லசமுத்திரத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு மாஸ்டர் தன் சொந்த உருப்படியை எடுத்துவிட்டார். நான்கு சுரம், திரும்பத் திரும்ப. பாட்டு முடிந்தபின் மாப்பிள்ளை பந்தலுக்குள் வருவதாக ஏற்பாடு. பாட்டு முடியவில்லை. மாப்பிள்ளை வெயிலில் கரைந்துகொண்டிருந்தார். பெண்ணின் தகப்பனார் ஓடிவந்தார்.

"ஏனுங்க மாஸ்டர், ரெக்கார்டுல கீறல் உழுந்துருச்சுங்களா?"

"கீறல் இல்லீங்க. இப்பத்தானுங்க மாறுச்சு. கவனிக்கலீங்களா?"

"முகூர்த்தமே மாறிப்போகுமுங்க!"

சினிமாப் பாட்டே கலக்காமல், தன் உருப்படியை மட்டும் வாசிக்கும் ஒரு முழுக் கச்சேரி. மாஸ்டர் வாழ்க்கையில் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான். அதில் ஒரு சிக்கல் இருந்தது. ஒரே சுரத்தை அறுபது தடவை வாசித்தால் பேண்டுக்காரர்களுக்கு எண்ணிக்கை தவறிவிடும். அதனால் பகுதிக்கு ஒன்றாக ஐந்து பலகைகள் செய்தார். ஒருவர் எண்ணிக்கொண்டே இருந்து, கணக்கு நிறைந்ததும் அடுத்த பலகையைத் தூக்க வேண்டும். பலகை மாறாமல் சுரம் மாறக்கூடாது. சட்டம் அவ்வளவுதான்.

நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். "எங்காளுக அத்தனை பேரும் கைநாட்டு. எண்றதுக்குப் படிச்ச புள்ள வேணும். உன்னைய உட்டா யாரு சாமி?"

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி மிதித்த முதல் ஆள் நான். அப்போது சேலத்தில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். என் கர்வத்துக்கு அந்த ஒரு வாக்கியம் போதும். கல்லூரியில் பெருமையடித்து, ஒரு விரிவுரையாளரையும் நான்கு தோழிகளையும் கச்சேரிக்கு வரவழைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூட மைதானம், மூன்று மணி. முதல் பலகை வரை ஊர் மரியாதையாக இருந்தது. இரண்டாம் பலகையில், "மாஸ்டரு, ரெக்கார்டு முள்ளத் தூக்கி வையுங்க!" என்று ஒருவர் கத்தினார். மூன்றாவதில் பாதிக் கூட்டம் சிரித்தது. விரிவுரையாளர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். நான் நான்காம் பலகையைத் தூக்கியபோது எழுந்து மேடையருகே வந்தார்.

"உங்க ஊர்ல இதுக்குப் பேரு சங்கீதமாம்மா? இந்தக் கோமாளிக் கூட்டத்துல நீயுமா?"

நான்காம் பலகையை நாற்காலியில் சாய்த்துவிட்டு இறங்கினேன். விருந்தாளிகளை பஸ் ஏற்றிவிட்டு உடனே வந்துவிடலாம் என்று எனக்கே பொய் சொல்லிக்கொண்டேன். பஸ் போனபிறகும் ஒரு மணி நேரம் பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்தால், அதே நான்கு சுரம். பலகை மாறவில்லை, அதனால் அவர்களும் மாறவில்லை. கூட்டம் கலைந்திருந்தது. ஷிப்டு முடிந்து வந்த பத்துத் தறிக்காரர்கள் மட்டும் நின்று, சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் என் அப்பாவும் ஒருவர். மாஸ்டரின் கண் நாற்காலியை விட்டு அகலவில்லை. ஐந்தாம் பலகை அதன் காலடியில் இருந்தது. எனக்கும் அதற்கும் பத்தடி தூரம்.

நான் போகவில்லை. போனால், விட்டு ஓடியவள் நான்தான் என்று ஆகிவிடும். டிரம்பெட் நின்றது. டிரம்மு நின்றது. கடைசியில் மாஸ்டர் மட்டும் தனியாக வாசித்தார். பிறகு அதுவும் நின்றது.

மறுநாள் தெருவில் அவரே சொல்லிவிட்டார்: "புள்ளைக்குத் திடீர்னு ஒடம்புக்கு முடியலீங்க. பாவம், அது என்ன பண்ணும்?" பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து ஐந்தாம் பலகையைக் கொடுத்தார். "இதுலதான் எல்லாம் ஒண்ணு சேரும். நீயே வெச்சிரு சாமி. மறுக்கா நடத்தறப்ப வேணும்."

மறுக்கா நடக்கவில்லை. பேண்டுக்காரர்கள் சம்மதிக்கவில்லை. பல் விழும்வரை மாஸ்டர் சினிமாப் பாட்டே வாசித்தார். அவர் போய் மூன்று வருஷமாகிறது.

போன மாதம் அந்த விரிவுரையாளர் ஒரு பத்திரிகையில் கட்டுரை எழுதியிருந்தார். வெளிநாட்டில் ஓர் இசைமேதை சில சுரங்களையே திரும்பத் திரும்ப வாசிக்க வைக்கிறாராம். பெரிய வாத்தியக் குழு அவர் உருப்படிகளை மட்டுமே வாசிக்க, அரங்கம் நிறைகிறதாம். 'இதைக் கேட்கப் பொறுமையான காது வேண்டும்' என்று முடித்திருந்தார். இரண்டு தடவை படித்தேன். கைக்குட்டையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பலகையை விட்டு ஓடிய பெண்ணைப் பற்றி அவர் எழுத மாட்டார், அதை நான்தான் எழுத வேண்டும்.

இப்போது சூரமங்கலத்தில் குடியிருக்கிறேன். பலகை என்னிடம்தான் இருக்கிறது. துடைத்து வைக்கும்போதெல்லாம், வீட்டில் யாரும் இல்லையென்றால், ஒரு தடவை தூக்கிப் பிடிக்கிறேன், மாஸ்டர்.