அணுகுண்டு அறையில் ஒரு சாசேஜ்

உலகமே அழிஞ்சாலும் சாசேஜை மட்டும் விடறதில்லைன்னு உர்ஸ் முடிவு பண்ணிட்டான்!

கொழுப்பு ஏறிப்போச்சு, மூணு மாசம் அதோட வாசனைகூடக் கூடாதுன்னு டாக்டர் சொன்னதுலேர்ந்து ஃபிரிட்ஜுக்கு அவன் பொண்டாட்டி ரெகுலா காவல். ஆனா எம்மெண்டால் மலையூர்ல சட்டப்படி எல்லா வீட்டுக்கும் இருக்கற மாதிரி, இவங்க வீட்டுக்கு அடியிலயும் குண்டு விழுந்தா பதுங்கிக்க ஒரு அணுகுண்டு அறை இருக்கே! ஊரே அதுல உருளைக்கிழங்கு மூட்டை போட்டு வைக்கும். உர்ஸ் ஒரு கரண்ட் அடுப்பைக் கொண்டுபோய் வெச்சான். சாசேஜ் எல்லாம் அங்க இருந்த விஷவாயு முகமூடிப் பெட்டிக்குள்ள.

"எங்கங்க கிளம்பிட்டீங்க?"

"அறையைச் சோதிக்கப் போறேன். உலகம் போற போக்கு சரியில்ல ரெகுலா."

"குண்டு விழுந்தா மாடியில படுத்துக்கக் கூடாதா?"

"அடி பைத்தியமே! அணுத்தூசி கூரை மேல வந்து படியும். அதுலேர்ந்து வர்ற கதிர்வீச்சை நம்ம மர வீடு பாதிகூடத் தடுக்காது. நடுவுல கனமா ஏதாவது நிக்கணும். கீழ பாரு, கான்கிரீட்டு! சுத்தி மண்ணு!"

"கனமா இருந்தாப் போதுமா? அப்ப உங்க தொப்பைக்குப் பின்னால நான் நின்னுக்கறேன்."

உர்ஸ் கண்டுக்கல. இறங்கினான், இரும்புக் கதவைச் சாத்தினான், வறுத்தான். ஒரே புகை! கதவைத் திறந்தா மாட்டிப்பான். சுவத்துல காத்து மெஷின் இருந்துச்சு. கைப்பிடியைச் சுத்து சுத்துன்னு சுத்தினான். புகை போயே போச்சு!

எங்க போச்சுன்னு மட்டும் அவன் யோசிக்கல.

அந்த மெஷின் வெளிக்காத்தை உள்ள இழுக்கும், உள்காத்தை வெளிய தள்ளும். ரெண்டு குழாயும் முடியற இடம் சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழ. ரெகுலா ஒரு தடவை மூக்கை உறிஞ்சினா.

மேல வந்தவன் நெஞ்சை நிமித்திக்கிட்டான். "பிரமாதமான அறை! ஒரு கொசுவோட மூச்சுகூட உள்ள வராது!"

"அப்ப நாளைக்கும் சோதிச்சுடுங்க," ன்னா ரெகுலா.

மறுநாள் விசிலடிச்சுக்கிட்டே இறங்கினான். கதவைச் சாத்தினான். பெட்டியைத் திறந்தான்.

கேரட்டு! பெட்டி நிறைய, தோல் சீவின கேரட்டு!

குப்புனு வேர்த்துடுச்சு. காத்தாவது வரட்டும்னு கைப்பிடியைச் சுத்தினான். வந்துச்சு. வெங்காயத்தோட சாசேஜ் பொரியற வாசனை! குழாய் வழியா குரலும் வந்துச்சு.

"என்னங்க, கொசு மூச்சு வருதா?"

"ரெகுலா! அது என்னோடது!"

"அருமையா இருக்கு! டாக்டர் வாசனைகூடக் கூடாதுன்னாரு. போனாப் போகுது, இன்னிக்கு அதை மட்டும் வெச்சுக்கோங்க!"

உர்ஸ் ஒரு கையில கேரட்டைப் பிடிச்சுக் கடிச்சுக்கிட்டே, இன்னொரு கையால கைப்பிடியை வேகமாச் சுத்தினான்.