வால் மூன்று இல்லாத புழு

பழைய படம் பார்த்தே பண்டிதரானவர்கள் என்று ஓர் இனம் உண்டு. நுண்ணோக்கி புதிதாக வந்த காலத்தில் யாரோ ஒரு புண்ணியவான் ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு வரைந்துவைத்த நீர்ப்பூச்சிப் படங்களைத் தேடிப் பிடித்து, சட்டம் போட்டு, கூடம், படுக்கையறை, கழிப்பறைக் கதவு என்று ஓரிடம் விடாமல் மாட்டி, வருகிறவர்களை டீ ஆறிப்போகும்வரை நிற்கவைத்து விளக்குவார்கள். கையில் பூதக்கண்ணாடி வேறு. அதைப் பூச்சிக்கு மேல் பிடிப்பார்களா? மூச்! படத்துக்கு மேல் மட்டுந்தான்.

நம் 'லென்ஸ் சார்' அதில் முதல் ரகம். அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். மூலப் பிரதியில் இருப்பது சரி, மற்றதெல்லாம் பிழை என்பது அவர் ரத்தத்தில் ஊறிய விஷயம்.

அவர் மனைவிக்கு நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஒருநாள் வீட்டுக் கூடத்து அல்லித் தொட்டியை எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, தொட்டி பூரா கொசுப்புழு. கொட்டிடவா?"

லென்ஸ் சாருக்குச் சுருக்கென்றது. நீர்ப்பூச்சி சாஸ்திரத்தையே கரைத்துக் குடித்தவரிடம், தினமும் நீர்ப்பூச்சியைப் பார்ப்பதைத் தவிர வேறொன்றும் அறியாத ஒருத்தி சொல்வதா? சுவரிலிருந்து ஒரு படத்தைக் கழற்றிவந்து தொட்டியருகே பிடித்தார்.

"நல்லா பாரு. கொசுப்புழுவுக்கு வால் மூணு. இதுக்கு ஒண்ணுதான். இது கொசுவே இல்ல."

"வரைஞ்சவர் வேற ஏதோ புழுவுக்குக் கொசுப்புழுன்னு பேர் போட்டிருக்காரு."

"முந்நூறு வருஷமா யாரும் கண்டுபிடிக்காத தப்ப நீ கண்டுபிடிச்சிட்டியாக்கும்! தொட்டில கை வச்சே, நான் மனுஷனா இருக்க மாட்டேன்."

வீண் சண்டை எதற்கென்று அவள் விட்டுவிட்டாள். அதை நினைத்து இன்றும் தன்னையே திட்டிக்கொள்கிறாள்.

மூன்று வாரத்தில் ஆறு வயது மகளுக்கு அனலாய்க் காய்ச்சல். கொசுக்கடிதான் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். குழந்தைக்கு அப்பாவை அடையாளம் தெரியவில்லை. லென்ஸ் சார் அழுதார். பொய்யழுகை என்று சொன்னால் பாவம் வரும். அழுதுகொண்டே குழந்தையின் கையைத் திருப்பிப் பார்த்தார். பையிலிருந்த பழைய வைத்தியப் புத்தகத்தை விரித்தார்.

"டாக்டர், இதுல போட்டிருக்கிற மாதிரி தடிப்பு இல்லியே?"

மனைவி நேராக வீட்டுக்குப் போய்த் தொட்டியைக் கவிழ்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினாள். குழந்தை பிழைத்துக்கொண்டது, அதில் அப்பாவின் பங்கு ஒன்றுமில்லை.

சிரிப்பு வருகிறதோ? உங்கள் வீட்டில் யாராவது "இத வந்து கொஞ்சம் பாருங்களேன்" என்றால், எழுந்துபோய்ப் பார்க்கிறீர்களா, உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் சொல்கிறீர்களா? இப்போதுகூட உள்ளேயிருந்து யாரோ இரண்டு தடவை கூப்பிட்டாயிற்று. நீங்களோ படித்து முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன் என்கிறீர்கள்.