அவளுக்காகப் பேசிய வாய்

பிறருக்காக உழைத்தவர்கள் உலகில் உண்டு; உயிரையே விட்டவர்களும் உண்டு. ஆனால் பிறர் வாயைத் திறக்குமுன்பே அவர்களுக்காகப் பேசி முடித்த மகான், அந்தக் காப்பீட்டு அலுவலகத்தின் உதவி அதிகாரி ஒருவர்தான். 'மாற்றுத்திறனாளிகளுக்கு நல்ல தோழனாவது எப்படி?' என்ற பயிற்சியில் அரைநாள் உட்கார்ந்து, சாப்பாட்டுக்குப் பிறகு லேசாகக் கண்ணயர்ந்து, சான்றிதழோடு திரும்பியிருந்தார்.

தோழமை காட்ட ஆள் வேண்டுமே! மூத்த எழுத்தர் அகப்பட்டாள். அவளுக்குக் காது கேட்காது. எதிராளியின் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள், தெளிவாகவே பதில் பேசுவாள். பிரிவுத் தலைவர் பதவி காலியாகியிருந்தது. இத்தனை வருஷம் பிரிவைக் கட்டி மேய்த்தவள் என்பதால், தனக்குத்தான் என்று நம்பி விண்ணப்பித்திருந்தாள்.

"கவலையே படாதீங்கம்மா, நான் இருக்கேன்," என்றார் அவர், ஜன்னலைப் பார்த்தபடி.

"என்னைப் பார்த்துச் சொல்லுங்க சார்."

"நன்றியெல்லாம் எதுக்கும்மா!"

முதல் தொண்டாக 'நம்பிக்கை வளர்ப்புக் கூட்டம்' கூட்டினார். திரையில் படம் காட்டுவதற்காக விளக்குகளை அணைத்துவிட்டு, காது கேளாதோரின் துயரத்தை உருக்கமாக விளக்கினார்.

"விளக்கைப் போடுங்க சார், உங்க உதடு தெரியல!" என்றாள் இருட்டிலிருந்து.

"பார்த்தீங்களா, உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க," என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். அறையே கைதட்டியது.

நேர்காணலுக்கும் துணைக்கு வந்தார். அழைக்காமலே வருவதுதானே தோழமை! பெரிய அதிகாரி அவளைக் கேட்டார்: "பிரிவை எப்படி நடத்துவீங்க?"

"முதல்ல தேங்கிக் கிடக்கிற..." என்று ஆரம்பித்தாள் அவள்.

"பாவம் சார், இவங்களுக்கு இதெல்லாம் சிரமம். ஆனா நல்ல மனசு," என்று முடித்துவைத்தார் தோழர்.

பெரிய அதிகாரிக்குக் கண் கலங்கியது. "இவங்க மனசை இவ்வளவு புரிஞ்சவர் தலைவரா இருந்தாத்தான் இவங்களுக்குப் பாதுகாப்பு. நீங்க ஏன் விண்ணப்பம் போடல?"

"தோழமைக்கு எதுக்கு சார் விண்ணப்பம்?"

பதவி அவருக்கே வந்தது. மறுத்தால் அவள் மனம் நோகுமே என்று ஏற்றுக்கொண்டார். அவளோ எழுந்து நின்று, மூன்றாவது அறைவரை கேட்கும்படி சொன்னாள்:

"எனக்குக் காதுதான் கேக்காது சார், வாய் நல்லாத்தான் இருக்கு. அது எனக்கு வர வேண்டிய வேலை. இந்த ஆள் பிடுங்கிட்டார்!"

பெரிய அதிகாரி கனிவோடு புதிய தலைவரின் பக்கம் திரும்பினார். "என்ன சொல்றாங்க?"

"வாழ்த்து சொல்றாங்க சார்."