சீட் பெல்ட் போடாத நாய்கள்

இனி எந்த நாய்க்காகவும் ஹாரன் அடிப்பதில்லை என்று பிரசன்னா முடிவெடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் அவனைக் குன்றத்தூரில் இறக்கிவிட்டிருந்தது. வேண்டியதெல்லாம் தூக்கம். கிடைத்ததோ, மடியில் மகள் நிலாவும், அவள் மடியில் படப்புத்தகமும்.

புத்தகம் அழகானதுதான். கழுத்துத் துண்டு பறக்கத் திறந்த காரில் போகும் வேட்டை நாய். கறுப்புக் கண்ணாடி மாட்டிய குள்ள நாய். மனிதர் ஒருவரும் இல்லாத நல்ல சாலை. ஆனால் படிக்கும்போது வாயாலேயே காருக்கு ஒரு ஹாரன், நாய்க்கு ஒரு குரைப்பு என்று எதையும் அப்பா விட்டுவிடக் கூடாது. முடிந்ததும் மறுபடி முதல் பக்கம். நாய் நன்றியுள்ளது என்று நூல்கள் சொல்வது கார் ஓட்டும் நாய்களைப் பற்றியல்ல.

ஒரகடத்துக் கார்த் தொழிற்சாலையில் அவன் கடைசிப் பரிசோதனையில் நிற்பவன். குறை தெரிந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவான். அப்புறம் மேனேஜரே வந்தாலும் வண்டி நகராது. அந்த அதிகாரத்தை வீட்டிலும் செலுத்திப் பார்க்கத் தோன்றியது. சட்டைப் பையில் தங்கிவிட்ட ஸ்டிக்கர்களைப் பக்கத்துக்குப் பக்கம் ஒட்டினான்.

“இன்னாங்க பண்றீங்க?” குக்கரை இறக்கிவிட்டு வந்தாள் செந்தாமரை, அவன் மனைவி.

“ஒரு நாயும் சீட் பெல்ட் போடல தாமரை. இந்த வண்டிக்கு சைடு கண்ணாடியே இல்ல. ரிஜெக்ட். இனிமே புத்தகம் பீரோ மேல.”

நிலாவின் உதடு பிதுங்கியது. செந்தாமரை சண்டைக்கு வரவில்லை. அப்போதே அவன் பயந்திருக்க வேண்டும்.

“கரெக்டுதான். அத யாரு சரி பண்ணுவாங்க?”

“ரீவொர்க் செக்‌ஷன்ல பண்ணுவாங்க.”

“இந்த வூட்ல ரீவொர்க்கு யாரு கீறா?”

பிரசன்னா சுற்றிப் பார்த்தான். ஒருத்திக்கு நாலு வயது. இன்னொருத்தி வாரமெல்லாம் உதிரிபாகக் கம்பெனியில் பேக்கிங் செய்துவிட்டு லீவு நாளிலும் அடுப்படியில் நின்றாள். ஸ்கெட்ச் பேனா அவன் கைக்கு வந்தது.

நாய் நாயாக பெல்ட் வரைந்தான். நிலா சூப்பர்வைசர். “டைட்டா கீதுப்பா, பாவம்.” தளர்த்தி வரைந்தான். திடீரென்று கேட்டாள்: “நாயெல்லாம் கார் பின்னாடி ஓடும்ல. இது கார்லயே போவுதே. இது எது பின்னாடி ஓடும்?”

பேனா நின்றது. தினமும் புதுக் கார்களை வழியனுப்பிவிட்டு வீட்டுக்கு வர ஓடுகிறவனுக்குப் பதில் தெரிந்திருந்தது.

“டூட்டி முடிஞ்சா பஸ் பின்னாடி ஓடும்மா.”

சைடு கண்ணாடியும் வரைந்து, கடைசி ஸ்டிக்கரையும் உரித்தான். “முடிஞ்சுது. நான் படுக்கறேன்.”

“சரி பண்ண வண்டிய அப்டியே வெளிய வுட்ருவீங்களா?” என்றாள் செந்தாமரை.

தொழில் பெருமை தூக்கத்தைவிடப் பெரியது. “அது எப்டி? மொதல்லருந்து ஓட்டிப் பாக்கணும். ஸ்டிக்கர் ஒட்டினவனே ஓட்டணும். அதான் ரூல்.”

நிலா மடியில் ஏறி முதல் பக்கத்தைத் திறந்தாள்.

மூன்றாவது நாய்க்குக் குரைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கு விரித்த பாயில் செந்தாமரை அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.